ஒன்பது பஜ்ஜியும் ஒரு மான் கூட்டமும்

எனக்குப் பாட வராது என்பதைச் சின்ன வயதிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வாழ்த்துப் பாடலுக்குக்கூட என்னை வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள். ஆனால் பேச வரும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் குன்னம் பக்கத்து மான்கள் ஒரே சாயங்காலத்தில் தீர்த்துவைத்தன. இன்றைக்கும் அந்தக் காட்டோரத்தில் என் குரல் கேட்டால் புள்ளிமான்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடுகின்றன. என்னைக் கட்டிக்கொண்டவர் மட்டும்தான் ஓடுவதில்லை. (அவர் நிதானமாக எழுந்து நடந்து போய்விடுவார்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. விலங்கியல் முதுகலை முடித்துவிட்டு, காட்டு விலங்குகளுக்கும் விவசாயிகளுக்கும் நடுவில் சமாதானம் பேசும் ஒரு சின்ன அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அடையாள அட்டையில் 'கள ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருந்தார்கள். நடைமுறையில் அதற்குப் பொருள், பெரம்பலூரில் பஸ் ஏறி, கிராமத்தில் இறங்கி, திட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவது. மான்களைத் திட்ட முடியாதவர்கள் மான்களுக்காகப் பேச வந்தவளைத் திட்டினார்கள். அதில் நியாயமும் இருந்தது.

அந்தப் பக்கம் முழுக்க மானாவாரி நிலம். மழையை நம்பி மக்காச்சோளம், பருத்தி, வெங்காயம் என்று போடுவார்கள். காப்புக்காட்டை ஒட்டியிருக்கும் சோளக்காட்டில் கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து, அழைப்பிதழ் வைத்ததுபோல் மான்கள் வந்துவிடும். தின்றது பாதி, மிதித்தது மீதி. மானைத் தொட்டால் சட்டம் சும்மா விடாது. சோளத்தைத் தொட்ட மானை எந்தச் சட்டமும் ஒன்றும் செய்யாது. இதனால் சிலர் யாருக்கும் சொல்லாமல், மோட்டார் கொட்டகையிலிருந்து மின்சாரத்தை இழுத்து வயலைச் சுற்றிக் கம்பி கட்டிவிடுவார்கள். விடிந்து பார்த்தால் ஏதாவது ஒன்று விறைத்துக் கிடக்கும்.

நான் போய்க்கொண்டிருந்த ஊரில் காட்டுக்கு மிக அருகில் இருந்தது பூங்கோதை அக்காவின் ஒன்றரை ஏக்கர். நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் வெளியூரில் கட்டட வேலை, மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள், வயல் முழுக்க இவர் பொறுப்பு. நான் நடத்திய முதல் கூட்டத்தில், நான் கொண்டுபோயிருந்த மான் படத்தை வாங்கி ஆசையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

"எனக்கும் மான்னா ஆசைதான் பாப்பா," என்றார். "போன வருசம் மேக்கால வயல்ல கம்பில அடிபட்டு ஒண்ணு கெடந்துச்சு. வயித்துல குட்டி. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. மூணாம் நாளு அதோட சோடியெல்லாம் எங்க வயல்ல பூந்து பாதிய அழிச்சிட்டுப் போயிருக்கு. நான் அழுவுறதா திட்டுறதா, நீயே சொல்லு."

அமைப்பு கொடுத்த கையேட்டைப் புரட்டினேன். கையேட்டில் அந்தக் கேள்வி இல்லை.

கதிர் பால் பிடித்த வாரம், "வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன்," என்றார் அக்கா. "அதுக்குள்ள நீ ஒரு வழி பண்ணு. இல்லன்னா நானும் கம்பிய இழுத்துடுவேன். அப்புறம் நீயே என்னைப் புடிச்சிக் குடுத்துடு."

சும்மா மிரட்டவில்லை. புதுக் கம்பிச் சுருள் ஒன்று அவர் வீட்டு வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தக் கம்பியில் ஒரு மான் விழுந்தால் அது என் மான், இந்த அக்கா ஜெயிலுக்குப் போனால் அது என் அக்கா என்று எனக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. இளரத்தம். உலகம் முழுவதும் என் தோளில் இருக்கிறது என்ற எண்ணம்.

மான்களை விரட்ட அந்த ஊர்க்காரர்கள் ஏற்கனவே ஒரு கருவி வைத்திருந்தார்கள். வண்டியில் வெங்காயம் கூவி விற்பவர்கள் மாட்டியிருப்பார்களே, அந்தக் குழாய் ஸ்பீக்கர். ஒரு பட்டனை அமுக்கிப் பேசினால் உள்ளே இருக்கும் மெமரி கார்டில் பதிந்துகொள்ளும். இன்னொன்றை அமுக்கினால் பேட்டரி தீரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். பூங்கோதை அக்காவும் ஒன்று வாங்கி, "ஏய் சனியனே, ஓடு" என்று பதிந்து குச்சியில் கட்டியிருந்தார். நான்கு நாள் மான்கள் ஓடின. ஐந்தாம் நாள் ஸ்பீக்கருக்கு நேர் கீழே நின்று தின்றன.

"என் கொரலுக்கு மரியாத போயிருச்சு," என்றார் அக்கா வருத்தமாக.

இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. "அக்கா, ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தா அது மிஷினுன்னு மானுங்க கண்டுபுடிச்சிரும்ங்க. நெசமாவே ஒரு ஆளு நின்னு பேசுற மாதிரி இருக்கணும். ஏத்தி எறக்கிப் பேசணும், நடுவுல நிறுத்தணும், அப்புறம் திடீர்னு பேசணும். அடுத்து என்ன வரும்னே தெரியக் கூடாதுங்க," என்று விளக்கினேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் அதை எவ்வளவு கவனமாகக் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஸ்பீக்கரைக் கையில் வாங்கி, வரப்பில் நின்று, சிவப்பு விளக்கு எரியும் பட்டனை அமுக்கி, "ஏய்... ஏய்... போங்க... போங்க இங்கேருந்து," என்று கத்தினேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மானுக்குப் போயி எதுக்கு பாப்பா இம்புட்டு மரியாத?"

வெட்கமாகப் போய்விட்டது. பட்டனை மறுபடி அமுக்கி நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரை வரப்பில் வைத்தேன். நிறுத்திவிட்டதாக நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி. அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அந்த நேரம் பார்த்து என் அம்மா போன் செய்தார்.

அம்மா பெரம்பலூரில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவர். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு ஜாக்கெட் முடியும்வரை பேசுவார். அன்றைக்கு லைனிங் வைத்த ஜாக்கெட் போலிருக்கிறது, கால்மணி நேரம் ஆயிற்று. பேச்சு, முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன குடும்பத்தைப் பற்றி. மாப்பிள்ளை பெயர் வினோத். ஊர் மீன்சுருட்டிப் பக்கம், அரியலூர் அருகே ஒரு தொழிற்சாலையில் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்துப் பரிசோதிக்கும் வேலை. நான் வரப்பில் முன்னும் பின்னும் நடந்தபடி, மனதில் இருந்ததையெல்லாம் அம்மாவிடம் கொட்டினேன். சோளப்பூத் தூசி ஒத்துக்கொள்ளாமல் நடுநடுவே தும்மல் வேறு.

ஸ்பீக்கரில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. இது இப்போது உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரிய மூன்று நாள் ஆயிற்று.

அடுத்த இரண்டு நாளும் அரியலூர்ப் பக்கத்து ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு. கழுத்தளவு கோரைக்குள் நின்று நாரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். (எண்ணுவதில் நான் கெட்டிக்காரி. இந்தக் கதையில் அது பிறகு வரும்.) வெள்ளிக்கிழமை காலை குன்னம் பஸ்ஸில் போய் இறங்கியதும், டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்தார். அதற்கு முன் நான்கு மாதத்தில் அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

"ஏம்மா, ஒம்பதுன்னு எப்படிக் கரெக்டா எண்ணுன?" என்றார்.

பறவைக் கணக்கெடுப்பு விஷயம் இங்கே வரை வந்துவிட்டதே என்று பெருமையாக இருந்தது. "ஒம்பது இல்லீங்க, முந்நூறுக்கு மேல," என்றேன். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நிமிர்ந்தார். "கண்ணு நல்லாருக்குன்னு சொல்லிட்டீல்ல, அப்புறம் என்ன யோசன? கட்டிக்க பாப்பா." சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்ததும் பொய்யாக மூன்று தும்மல் போட்டுவிட்டு, "கசாயம் வெச்சிக் குடிம்மா" என்றார். இந்த ஊருக்கே என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேனே தவிர, எனக்கு ஆகியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

பூங்கோதை அக்கா வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மூணு நாளா ஒரு காலடி இல்ல பாப்பா. ஒண்ணுகூட எறங்கல. நீ சொன்னப்ப நான் நம்பல. எங்களுக்காக இப்படி ஒன் வூட்டு விசயத்தையெல்லாம் எடுத்து வுட்டிருக்கியே, பெத்த புள்ளகூடச் செய்யாது."

"எந்த விசயம்ங்க?"

அக்கா ஸ்பீக்கரை எடுத்துவந்து பட்டனை அமுக்கினார்.

'ஏய்... ஏய்... போங்க... போங்க இங்கேருந்து' என்றது என் குரல். அதற்குப் பிறகு மாடு கத்தியது. அப்புறம் என் போன் மணி அடித்தது. 'ஹலோ... சொல்லும்மா... வயல்லதான் இருக்கேன்... ம்... ம்... உப்புமாதான்...'

பாய்ந்து பட்டனை அமுக்கி நிறுத்தினேன். முழுவதும் கேட்கத் தெம்பில்லை. அடுத்து என்னென்ன வரும் என்று எனக்குத்தான் தெரியுமே.

"அக்கா, இத உடனே அழிக்கணும்ங்க," என்றேன்.

அக்காவின் முகம் மாறியது. "ஏன் அழிக்கணும்? ஒரு ஆளு நின்னு பேசுற மாதிரி இருக்கணும்னு நீதான சொன்ன? ஏத்தி எறக்கி, நிறுத்தி நிறுத்தி? அப்படித்தான இருக்கு."

அவர் சொன்னது சரி. நான் பாடம் நடத்தியபடியே எல்லாம் இருந்தது. அம்மா பேசிய இடமெல்லாம் மௌனம். எவ்வளவு நேரம் மௌனம், எப்போது நான் மறுபடி வெடிப்பேன், எப்போது தும்முவேன் என்று எந்த மானாலும் கணக்குப் போட முடியாது. உலகத்திலேயே மிகச் சிறந்த மான் விரட்டியை நான் கண்டுபிடித்துவிட்டேன், என் மானத்தைப் பேட்டரியில் ஏற்றி.

"தெரியாமப் பதிஞ்சிருச்சுங்க. வேற ஒண்ணு பதிஞ்சு தரேன்."

"அது வேல செய்யலன்னா?" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "கதிரு இன்னும் பதினஞ்சு நாளு நிக்கணும். ஒரே ஒரு ராத்திரி தவறுனாப் போதும் பாப்பா. ஒனக்குச் சங்கடம்னா அழிச்சிரு, நான் தடுக்க மாட்டேன். நான் என் வழியப் பாத்துக்குறேன்." அவர் பார்வை வாசல் ஆணிக்குப் போய்த் திரும்பியது.

போதாக்குறைக்கு அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்த ஸ்பீக்கருக்குச் செயல்விளக்கம் என்று எங்கள் மேலாளர் ஏற்பாடு செய்திருந்தார். வனத்துறையிலிருந்து வனவர் வருகிறார், பக்கத்து ஊர் விவசாயிகள் வருகிறார்கள். அதற்குள் எப்படியாவது நல்ல குரல் ஒன்றைப் பதிந்துவிட வேண்டும் என்று பக்கத்து வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கெஞ்சினேன். ஒருவரும் முன்வரவில்லை. "ஒன்னுது மாதிரி வராதும்மா," என்றார்கள் உண்மையான அடக்கத்துடன்.

நாலரை மணிக்கே ஆட்கள் கூடிவிட்டார்கள். இருபது பேர் எதிர்பார்த்தோம், எழுபது பேர் இருந்தார்கள். காட்டு விலங்குப் பாதுகாப்பில் மக்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று மேலாளர் நெகிழ்ந்துபோனார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பிடித்துவிட்டால், சம்மதம் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் பெண் இருக்கும் இடத்துக்கு, வேலை செய்யும் இடத்துக்கு, யாருக்கும் தெரியாமல் போய் நாலு பேரிடம் விசாரிப்பார். பெண் எப்படி, வாய் எப்படி, பெரியவர்களை மதிக்குமா என்று. வினோத்தின் தாய்மாமா அன்றைக்குத்தான் பைக்கில் விசாரிக்க வந்திருக்கிறார். டீக்கடையில் என் பெயரைச் சொல்லிக் கேட்டதும் கடைக்காரர், "எங்கள ஏன் கேக்குறீங்க? அஞ்சு மணிக்குக் காட்டோர வயலுக்குப் போங்க, எல்லாத்தையும் அந்தப் பொண்ணே சொல்லும்," என்று வழியும் காட்டி அனுப்பியிருக்கிறார்.

நான் ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு பட்டனில் அழிக்கலாம், ஒரு பட்டனில் ஒலிக்கவிடலாம். எதிரே காட்டு விளிம்பில், வெயில் சாய்ந்த நேரத்தில், மான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முதலில் ஒரு கொம்பன், அப்புறம் ஏழெட்டுப் பெட்டைகள், ஒன்றின் வயிற்றோடு ஒட்டியபடி ஒரு குட்டி. அவ்வளவு கிட்டத்தில் அவ்வளவு மான்களை நான் பார்த்ததில்லை. அவற்றின் மேல் கோபமாக இருக்கிறவர்கள்கூட அந்த ஒரு நிமிடம் ஆசையாகத்தான் பார்த்தார்கள்.

அப்போதுதான் வரப்பில் ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்த, மை அடித்துப் பளபளத்த அதே மீசை. மாமா. பக்கத்து வயல் மோட்டார் கொட்டகை ஓரமாக வந்து நின்று, பழக்கதோஷத்தில் அதன் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

எனக்கு அழுகை வந்தது. அழித்துவிடலாம், மிஷின் கெட்டுவிட்டது என்று சொல்லலாம், யாரும் கேட்கப் போவதில்லை. வினோத்தை எனக்குப் பிடித்திருந்தது. நிஜமாகவே பிடித்திருந்தது. பூங்கோதை அக்கா என்னைப் பார்க்காமல் தன் சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குட்டி சோளத்தை நோக்கி இரண்டடி வைத்தது. நாளைக்கு அதே இடத்தில் கம்பி இருக்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு ஒலிக்கும் பட்டனை அமுக்கினேன்.

'ஏய்... ஏய்... போங்க...' மான்கள் அதை மதிக்கவே இல்லை. கொம்பன் ஒரு சோளத்தட்டையை மோந்து பார்த்தது. 'ஹலோ... சொல்லும்மா...' தலைகள் நிமிர்ந்தன. மௌனம். காதுகள் திரும்பின. 'என்னம்மா சொல்ற?' என்று நான் ஸ்பீக்கரில் வீறிட்டதும் இரண்டு பெட்டைகள் பின்வாங்கின. அதற்குப் பிறகு அந்தக் காடே கேட்டது.

'அவங்களுக்குப் புடிச்சிருக்காமா? ...... எனக்கா? ...... அவரு எங்கம்மா பேசுனாரு? ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தாரு, வாயத் தொறந்தது பஜ்ஜிக்கு மட்டுந்தான். ஒம்பது பஜ்ஜி. நான் எண்ணுனேன். ...... புதுச் சட்டையில ஸ்டிக்கரக்கூடப் பிய்க்கல. ...... அந்த மாமா ஒருத்தர் வந்தாரே, மீசைக்கு மை அடிச்சிக்கிட்டு, அவரு பொண்ணு பாக்க வந்தாரா வூடு பாக்க வந்தாரா? செவுத்தையெல்லாம் தட்டித் தட்டிப் பாக்குறாரு.'

எழுபது தலைகள் ஒரே நேரத்தில் மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பின. மாமாவின் கை இன்னும் சுவரில்தான் இருந்தது. மெதுவாக எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் என் தும்மல். ஒன்றல்ல, எட்டு. அந்தக் குழாயில் அது வெடிச் சத்தம் போலக் கேட்டது. மான் கூட்டம் திரும்பி, ஒரே பாய்ச்சலாகக் காட்டுக்குள் போய்விட்டது. கடைசியாகக் குட்டியின் வால் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. எழுபது பேரும் கைதட்டினார்கள். வனவர் தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கைதட்டலில் மிச்சப் பேச்சு அமுங்கிப்போனதா என்றால், இல்லை. 'சீ போம்மா. ...... நல்லாத்தான் இருக்காரு. கண்ணு நல்லாருக்கு. ...... வேணாம்னா சொன்னேன்? ...... நானா புடிச்சிருக்குன்னு சொல்ல முடியும்? நீயே சொல்லிரு.' அந்த வரி வரும்போது கைதட்டல் நின்று, வயல் முழுக்க அமைதியாக இருந்தது.

மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பூங்கோதை அக்காவிடம் மட்டும், "சோளம் நல்லா வந்திருக்குங்க," என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் பக்கத்தில் வந்து, "நல்ல முயற்சிம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மிஷின் நின்றது. சம்பந்தம் போய்விட்டது என்று அழுவார், இல்லாவிட்டால் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மா ஊசியிலிருந்து நூலை உருவிக்கொண்டே கேட்டார்.

"நான் பேசுனது ஒண்ணுகூடவா பதியல?"

"இல்லம்மா. ஒன் பக்கம் சத்தமே இல்ல."

"அப்ப ஊருல என்ன நெனப்பாங்க? மகளக் கண்டிக்காத அம்மான்னுதான? அந்த மாமாவ அப்படிப் பேசாதடீன்னு நான் எவ்வளவு எடுத்துச் சொன்னேன்." அம்மாவுக்கு அதுதான் வருத்தம். இன்றைக்கும் அதுதான் வருத்தம்.

நான்கு நாள் மீன்சுருட்டியிலிருந்து தகவல் இல்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் பூங்கோதை அக்கா வயலில் காலடித் தடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, வரப்பு முனையில் வினோத் நின்றிருந்தார். தனியாக வந்திருந்தார். அக்கா என்னைக் கேட்காமலே ஸ்பீக்கரை எடுத்துவந்து போட்டுவிட்டார். வினோத் கைகட்டிக்கொண்டு கால்மணி நேரமும் கேட்டார். நான் சோளத்தட்டைகளுக்கு நடுவில் மறைந்து நின்றேன். முடிந்ததும் தொண்டையைச் செருமினார். அடுத்து வந்ததுதான், அதுவரை அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு.

"ஒம்பது இல்லீங்க, ஏழுதான். ரெண்டு எங்க மாமா எடுத்தது, என் தட்டுலேருந்து."

சிரிப்பு வந்துவிட்டது. சோளத்தட்டைக்குள்ளிருந்தே, "மாமா கோவமா இருக்காரா?" என்று கேட்டேன்.

"வூட்டுக்கு வந்து மொதல்ல கண்ணாடியப் பாத்தாரு," என்றார் வினோத். "அப்புறம் சொன்னாரு, நான் நிக்கிறதப் பாத்துட்டுத்தான் அந்தப் பொண்ணு பட்டன அமுக்குச்சு, அழிக்கணும்னா அழிச்சிருக்கலாம், அடுத்தவங்க வெள்ளாமைக்காகத் தன் கல்யாணத்த வுட்டுக் குடுக்கப் பாத்துச்சு, இந்தப் பொண்ண வுடாதன்னாரு."

நான் தட்டைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பூங்கோதை அக்கா அந்த வருடம் முழுச் சோளமும் அறுத்தார். ஒரு மானும் விழவில்லை. ஆணியில் தொங்கிய கம்பிச் சுருளைப் பிரித்து, வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடியாகக் கட்டிவிட்டார். தை மாதம் எங்கள் கல்யாணத்துக்கு மாமா மை இல்லாத வெள்ளை மீசையோடு வந்தார். மண்டபத் தூணைத் தட்டப்போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டதை நான் மணமேடையிலிருந்து பார்த்தேன். விருந்து முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்ம வயல்லயும் மயிலு தொந்தரவு தாங்கலம்மா. அந்த கார்டு ஒண்ணு கெடைக்குமா?" என்றார். அவரைத் திட்டுவதை அவர் வயலிலேயே அவரே போட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

ஒரே பேச்சுக்கு மான்கள் எப்படியும் பழகிவிடும், என் பேச்சுக்கும்தான். அதனால் இப்போது அந்த ஊர்களில் கதிர் பிடித்ததும் 'பேச்சு மாத்துறது' என்று ஒரு வழக்கமே வந்துவிட்டது. பத்து நாளைக்கு ஒரு குரல். டீக்கடைக்காரர் மச்சானோடு போட்ட சண்டை, பருத்திக்காட்டுப் பெண்கள் பஸ் வராததைப் பற்றிப் பேசியது, பூங்கோதை அக்கா மருமகனிடம் போனில் கோபித்துக்கொண்டது. எல்லாம் கார்டில் ஏறி ஊர் ஊராகப் போகிறது. ரகசியம் என்று ஒன்று அந்தக் காட்டோரத்தில் மிச்சமில்லை, ஆனால் கம்பியும் இல்லை. முதல் பத்து நாள் மட்டும் என்னுடையது. அது எனக்குச் செய்யும் மரியாதையாம்.

போன கார்த்திகையில் நாங்கள் எல்லோரும் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் குன்னம் வழியாகப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மா ஜன்னலோரம், பக்கத்தில் நான், பின் சீட்டில் வினோத். ஆள் ஏற்ற வண்டி நின்றபோது காட்டோரத்திலிருந்து என் குரல் வந்தது. 'என்னம்மா சொல்ற? அவங்களுக்குப் புடிச்சிருக்காமா?'

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடமாகத் தன் பக்கம் யாரும் கேட்கவில்லை என்ற குறை அவருக்கு. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சோளக்காட்டைப் பார்த்துச் சத்தமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். "ஆமாண்டீ, அவங்களுக்குப் புடிச்சிருக்காம். ஒனக்கு எப்படி?" இடைவெளி தவறாமல், வரிக்கு வரி, அன்றைக்குச் சொன்னது அத்தனையும். "பெரியவங்கள அப்படிப் பேசாதடீ." பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார். 'ஒம்பது பஜ்ஜி' என்று வயல் சொன்னபோது பின் சீட்டிலிருந்து, "ஏழு" என்று ஒரு குரல் வந்தது.

வண்டி நகர்ந்தது. கடைசி வரி தூரத்தில் மெலிதாகத்தான் கேட்டது. 'நானா புடிச்சிருக்குன்னு சொல்ல முடியும்? நீயே சொல்லிரு.'

"சொல்லிட்டேன்டீ," என்றார் அம்மா இருட்டத் தொடங்கிய காட்டைப் பார்த்து. "அன்னைக்கே சொல்லிட்டேன்."